பசை வேண்டாத பெட்டி

கண்ணு, உனக்கு என் சலாம். நீ அனுப்பிய பெட்டி போன வாரம் கடைக்கே வந்து சேர்ந்தது. கூரியர்க்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் கல்லாவில் உட்கார்ந்தபடியே கத்தரியால் பிரித்துப் பார்த்தேன். மேலே சிவப்பு ஹெலிகாப்டர் படம், உள்ளே துண்டு துண்டாக அதன் பாகங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் என்னவோ போட்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். பசை தேவையில்லை, அழுத்தினாலே பொருந்திக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறது. நீ நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா பாவம், இத்தனை மாதமும் பசையோடு மல்லுக்கட்டினாள், இனியாவது நிம்மதியாகச் செய்யட்டும் என்று நினைத்திருப்பாய். ஆனால் அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! பெட்டியைத் தூக்கிப் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் சொருகிவிட்டேன். அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். ஆணி கேட்டு வந்த ஒரு மனிதர், "ஏனுங்க பாயம்மா, நான் என்னுங்க பண்ணுனேன்?" என்று கேட்டுவிட்டே போனார். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். போனில் சொன்னால் உளறுவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டும் உனக்குப் பிடிக்காது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ என்னோடு பேசியதெல்லாம் அந்தப் பசையால்தான். எதை எதோடு ஒட்டலாம் என்று கேட்டால் பேசுவாய், வேறு எதைக் கேட்டாலும் பேச மாட்டாய். இப்போது பசையே வேண்டாத பெட்டியை அனுப்பி வைத்திருக்கிறாய். இனி நான் உன்னிடம் என்ன கேட்பேன், சொல்லு.

உன் அத்தா இருந்தவரை போன் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார், நீ ஜெர்மனியிலிருந்து கூப்பிடுவாய். வண்டி, மழை, மிளகு விலை, உன் ஆபீஸ் அதிகாரி, அங்கே ரயில் ஓடுகிற அழகு என்று இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. நான் பாத்திரத்தை மெதுவாகக் கழுவிக்கொண்டே காது கொடுப்பேன். கடைசியில், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். என் கைக்குப் போன் வரும்போது எல்லாம் பேசித் தீர்ந்திருக்கும். சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன்மா, போர்த்திக்கிறேன்மா என்பாய். அவ்வளவுதான் நம் பாத்தியதை. அது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை. அவர் பேசினால் நான் பேசிய மாதிரிதானே என்று இருந்துவிட்டேன். அவர் மவுத்தான பிறகு போன் நேராக என் கைக்கு வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன்மா என்றாய். போர்த்திக்கொண்டாயா என்றேன், போர்த்திக்கிட்டேன்மா என்றாய். அதற்கப்புறம் இந்தப் பக்கம் நான் யோசிக்கிறேன், அந்தப் பக்கம் நீ யோசிக்கிறாய். "செரிங்கம்மா, வெச்சிடட்டுமா?" என்று கேட்பாய். வை என்பேன். வைத்த பிறகு, இதைக் கேட்டிருக்கலாமே, அதைக் கேட்டிருக்கலாமே என்று சாயங்காலம் வரை மனசு பிறாண்டும். ஆனால் அடுத்த ஞாயிறும் அதே கதைதான்.

அத்தாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தபோது உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே அந்தப் பொம்மை விமானத்தைக் கொண்டு வந்திருந்தாய். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை வைத்த பழைய காலத்து விமானம். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டு துண்டாகக் காய்த்துத் தொங்கியது. அங்கே நாலு மணிக்கே இருட்டிப்போகிறது, சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும், அதனால் இதைப் பழகிக்கொண்டேன் என்றாய். பசை எங்கே என்று கேட்டேன். பசையை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், தீப்பிடிக்கிற சாமான் என்றாய். சேலத்தில் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி, மேசைமேல் பரப்பி, சட்டத்திலிருந்து பாதித் துண்டுகளை வெட்டி எடுத்து உப்புக்காகிதம் தேய்த்தாய். வந்தவர்களுக்கு டீ கொடுப்பதிலும் பள்ளிவாசலுக்கு நடப்பதிலும் உன் லீவு தீர்ந்துபோனது. துண்டுகளெல்லாம் மேசைமேலேயே கிடந்தன. அடுத்த தடவை வரும்போது முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். அடுத்த தடவை இன்னும் வரவில்லை. நான் குத்திக் காட்டவில்லை கண்ணு. வரவில்லை என்றால் வரவில்லை என்றுதானே எழுத முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு வற்றிப்போய் நீ வைக்கப் போகிற நேரத்தில், கண்ணில் அந்த மேசை பட்டது. இந்தச் சாமானை என்ன செய்வது, தூசி அடைகிறதே என்றேன். "தூக்கிப் போட்டுருங்கம்மா" என்று சுலபமாகச் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. எதையோ சொல்லவேண்டுமே என்று, "ஏன் போடணும்? நானே ஒட்டறேன். எந்தப் பசை போடணும்னு சொல்லு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் நீ சிரித்தாய். "நீங்களா?" என்றாய். பிறகு ஆரம்பித்தாய் பார், எனக்குக் கைபேசி சுட்டது, காது சுட்டது, நீ நிறுத்தவே இல்லை! மரத்துக்கு ஒட்டுகிற பசை வேறு, இது வேறு. இந்தப் பிளாஸ்டிக்கும் பொட்டலம் கட்ட வருகிற தெர்மாகோலும் ஒரே சாமான்தான், அதில் காற்றை அடைத்திருக்கிறார்கள், இதில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை ஒட்டுகிற திரவம் உண்மையில் ஒட்டாது, இரண்டு துண்டின் விளிம்பையும் கொஞ்சம் கரைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடும், காய்ந்தபிறகு அது ஒரே துண்டு. இப்படியெல்லாம் சொன்னாய். உன் குரல் அத்தாவோடு பேசும்போது இருந்த மாதிரியே இருந்தது. எனக்கு அதில் பாதி புரியவில்லை, ஆனால் போனை வைத்ததும் வாசலுக்கும் அடுப்படிக்கும் சும்மாவே நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அதிலிருந்துதான் நான் பிழைக்கும் வழியைக் கண்டுபிடித்தேன். உனக்கே தெரியும், நம்முடையது பெயின்ட், குழாய், ஆணிக் கடை. ஒண்டிக்கடை முக்கில் நம் கடையைத் தாண்டித்தான் ஏற்காட்டில் எந்த வீட்டுக்கும் பெயின்ட் போகும். பசை வகை எல்லாம் என் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கியிருக்கிறது. முதலில் ஒரு சொட்டு விட்டால் பிடித்துக்கொள்கிற சூப்பர் குளூவைப் போட்டேன். நம் ஊர் ஈரத்துக்கு அது கண்ணிமைக்கும் முன்னே பிடித்துக்கொண்டது, கூடவே என் கட்டைவிரலையும் பிடித்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால் ஒட்டின இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது, லேசாகத் தட்டினால் இறக்கை கழன்று விழுந்தது. உன்னிடம் சொன்னேன். காற்றில் இருக்கும் ஈரம்தான் அதை இறுக வைக்கிறது, மூடுபனி நாளில் கேட்கவே வேண்டாம், அந்த ஆவி படிந்துதான் வெளுக்கிறது, கண்ணாடித் துண்டுப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது என்றாய். விமானி முன்னால் வருகிற சின்னக் கண்ணாடிக்குத் தச்சர் போடுகிற வெள்ளைப் பசையே போதும், விலையும் மலிவு, காய்ந்தால் நிறமே தெரியாது என்றும் சொன்னாய். அது ஒரு ஞாயிறு.

அடுத்தது குழாய்க்குப் போடுகிற பிவிசி சால்வென்ட். வருஷக்கணக்காக அதை விற்கிறவள் நான். குழாயை ஒட்டுகிறது, குழாயும் பிளாஸ்டிக், இதுவும் பிளாஸ்டிக், பிறகென்ன என்று தைரியமாகத் தடவினேன். பாகு மாதிரி நூல் நூலாக இழுத்தது. வால் பக்கத்துச் சின்னச் சக்கரத்தின் கால் கண்ணெதிரே வளைந்து, துவண்டு, படுத்துவிட்டது. நீ அதைக் கேட்டதும், "அய்யோ அம்மா, அது யானைக்குப் போடற மருந்தும்மா, இது எலி" என்றாய். நொம்ப நாளைக்கு அப்புறம் நீ கிண்டல் பண்ணியது அப்போதுதான். இனி எதைப் போட்டாலும் முதலில் சட்டத்துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விமானத்தில் வைக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாய். சட்டத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. வளைந்த காலை வெந்நீரில் காட்டி நிமிர்த்தச் சொல்லிக்கொடுத்தாய். அது ஓரளவுக்கு நிமிர்ந்தது, இன்னும் கொஞ்சம் நொண்டிதான்.

பிறகு நீதான் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரைச் சொன்னாய். அதில் அசிட்டோன் இருக்கும், மலிவாகக் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் ஆவியாகும், அவ்வளவாகப் பிடிக்காது, சும்மா பாருங்கள் என்றாய். ஃபேன்ஸி ஸ்டோர் மேரியிடம் போய்க் கேட்டேன். அவள் என் முகத்தையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, நகத்துல பூச்சு இருந்தா தொழுகைக்கு ஒளு கூடாதும்பீங்க. அழிக்கறதுக்கு மட்டும் வாங்கறீங்க, அப்ப பூசுனது யாரு?" என்று கேட்டாள். கடையில் நின்றிருந்த டூரிஸ்ட் பெண்கள்கூடச் சிரித்தார்கள். விமானம் ஒட்ட என்று சொன்னேன். மேரி அதை நம்பவே இல்லை. அது வைத்த இடமெல்லாம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்ததுதான் மிச்சம், நீ சொன்னபடியே ஒட்டவும் இல்லை. ஆனால் மேரி கேட்டதை நான் சொன்னபோது நீ போனில் மூச்சு முட்டச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு அந்தக் குப்பி கொள்ளை மலிவு.

இப்போது தின்னருக்கு வருகிறேன். இங்கேதான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் வாங்குகிற என்.சி. தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கடையில் எத்தனை பிளாஸ்டிக் மக்கை அது தின்றிருக்கிறது! முதல் ஞாயிற்றுக்கிழமையே அதை எடுத்துத் தொட்டிருந்தால் விமானம் ஒரு வாரத்தில் பறக்கத் தயாராகியிருக்கும். தெரிந்தேதான் தள்ளிப்போட்டேன். ஒவ்வொன்றாகக் கெடுத்து, ஒவ்வொன்றாக உன்னிடம் கேட்டேன். நடித்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். உன் அத்தா இருந்தால், "கைகாரிதான் நீ" என்று சொல்லியிருப்பார்.

வேறு எதுவும் மிச்சமில்லை என்ற பிறகு தின்னரைக் கேட்டேன். நீ உடனே பிடித்துக்கொண்டாய். நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், மட்டமான தின்னரில் எதை எதையோ கலப்பார்கள், டப்பாவுக்கு டப்பா மாறும், ஒரு டப்பா சரியாக வந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றாய். அடுப்பு எரியும்போது கிட்டவே கொண்டுபோகக்கூடாது, ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும், பிளாஸ்டிக் மூடியில் ஊற்றக்கூடாது என்று அடுக்கினாய். தூரிகையால் அப்பக்கூடாது, இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பில் ஒரு பொட்டு தொட்டால் போதும், சந்துக்குள் அதுவே ஓடிப் பரவும் என்றாய். அப்போது மழைக்காலம். மலைப்பாதையில் மண் சரிந்து, லோடு வண்டி குப்பனூர் வழியாகச் சுற்றி வந்துதான் சரக்கு இறங்கியது. பனி உள்ளே வர, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொட்டு வைக்க என்ன இருக்கிறது என்று தேடினால், அத்தாவின் அத்தர் குப்பி கண்ணில் பட்டது. கண்ணாடிக் குப்பி, மூடியோடு சேர்ந்த மெல்லிய கண்ணாடிக் குச்சி. இதைவிட வாகான சாமான் எந்தக் கடையில் கிடைக்கும்? அடியில் ஒட்டியிருந்த அத்தரைக் கழுவ மனசு வரவில்லை. தின்னரை அப்படியே அதற்குள் ஊற்றிவிட்டேன்.

ஒட்டினது ஒட்டவில்லை. இறக்கைகளுக்கு நடுவே நிற்கிற குச்சிகளை நிறுத்தி வைப்பேன், காலையில் பார்த்தால் எல்லாம் வழுக்கிச் சாய்ந்திருக்கும். இந்தத் தடவை நான் வேண்டுமென்று கெடுக்கவில்லை, சத்தியமாக எனக்குக் காரணம் தெரியவில்லை. உன்னிடம் சொன்னேன். நீயும் குழம்பினாய். தின்னர் கரைக்கிறதா என்றாய், கரைக்கிறது என்றேன். பிளாஸ்டிக்கில் எண்ணெய் இருக்கிறதா, சோப்புத் தண்ணீரில் கழுவினீர்களா என்றாய், கழுவினேன் என்றேன். "அப்ப குப்பிலதாம்மா ஏதோ இருக்குது. அதுல முன்னாடி என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாய். அத்தாவோட அத்தர் என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன், கட்டாகவில்லை. பிறகு, "எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் பிடிக்காதும்மா, கழுவிருங்க" என்றாய். சரி என்றேன். "வேணாம்மா, கழுவாதீங்க. வேற குப்பி பாருங்க" என்றாய். அப்புறம் நீயாகவே அத்தாவைப் பற்றிப் பேசினாய். வெள்ளிக்கிழமை உன் சட்டைக் காலரில் அவர் ஒரு பொட்டு தடவிவிடுவதையும், பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்வார்கள் என்று நீ தண்ணீர் போட்டுத் தேய்ப்பதையும் சொன்னாய். அடக்கத்துக்கு உன்னால் வந்து சேர முடியாததைச் சொன்னாய். டிக்கெட் கிடைக்காமல் விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்நேரம் எடுத்திருப்பார்கள், இந்நேரம் தொழுகை முடிந்திருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்மா என்றாய். இதை நீ அத்தனை நாளும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று நாம் இரண்டு பேரும் அழுதோம். எனக்கு அது நல்லதாக இருந்தது கண்ணு. உனக்கும் நல்லதாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

குப்பியை மாற்றினேன், தின்னர் பிடித்தது. ஜன்னல் திறந்தே கிடந்ததில் எனக்கு இருமலும் பிடித்தது. போனில் நீ இருமலைக் கேட்டுவிட்டாய். மறுநாள் திங்கட்கிழமை, ஆபீஸ் நேரத்தில் நீயே கூப்பிட்டாய்! கல்லாவில் கூட்டம். "உடு, அப்புறம் பேசறேன்" என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். தின்னரைத் தொடவே கூடாது, டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று அதட்டினாய். சேலத்தில் போர்டு செய்கிறவர் எழுத்து ஒட்டக் குளோரோபார்ம் வைத்திருக்கிறார், அதைக் கேட்கட்டுமா என்றேன். "அம்மா!" என்று நீ போட்ட சத்தம் பக்கத்தில் நின்றவருக்கே கேட்டது. அது ஈரலுக்கு ஆகாது, மூடி திறந்து மோந்துகூடப் பார்க்கக்கூடாது என்றாய். சரி சரி என்றேன். இருமல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். இருமல் நின்றபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

தின்னர் கூடாது என்று நீ தடை போட்ட பிறகு வந்ததுதான் ஆரஞ்சு. கொட்டச்சேடு ஊர்க்காரர் ராமசாமி மருந்தடிக்கிற டியூபுக்கு வாஷர் வாங்க வருவார், தெரியுமல்லவா, காபித் தோட்டத்துக்கு நடுவே நாலைந்து ஆரஞ்சு மரம் வைத்திருக்கிறாரே, அவர். அன்றைக்கு ஒரு பை பழம் கொண்டுவந்து வைத்தார். பார்சலில் வந்த தெர்மாகோல் மூடியைத் தட்டாக வைத்துக்கொண்டு கல்லாவிலேயே உரித்துத் தின்றேன். தோலை மடக்கினதும் பீச்சியடித்த இடத்திலெல்லாம் தெர்மாகோலில் பொத்தல் பொத்தலாக விழுந்திருந்தது. நான் விரலால் தடவிப் பார்த்தேன், பிசுபிசு என்று ஒட்டியது. "ஏனுங்க பாயம்மா, பழத்த உட்டுப்போட்டு தோலப் போய் அப்பிடிப் பாக்கறீங்க?" என்றார் ராமசாமி. எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை, நானே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ சொன்னதும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆரஞ்சுத் தோலில் இருக்கிற எண்ணெய் இதைக் கரைக்குமாம், அதை வைத்தே பசை செய்து அங்கே விற்கிறார்களாம், நெடி இல்லாத பசை என்று விலையும் கூடவாம். அத்தர் எண்ணெய் ஒட்டவிடாது, ஆரஞ்சு எண்ணெய் ஒட்டவைக்கும், இதென்னடா நியாயம் என்று கேட்டேன். நீ விளக்கம் சொன்னாய், எனக்கு மறந்துவிட்டது. பை முழுக்கத் தோலைப் பிழிந்தும் ஒரு மூடிகூட நிறையவில்லை. தொட்டு வைத்து ஒரு ராத்திரி, ஒரு பகல் பொறுத்தபிறகுதான் பிடித்தது, அதற்குள் மேல் இறக்கை தன் பாரத்திலேயே ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. அதைச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "வீடெல்லாம் ஆரஞ்சு வாசம் வருதாம்மா?" என்று கேட்டாய். வருகிறது என்றேன். "நல்லா வருதா?" என்று திருப்பிக் கேட்டாய். நல்லா வருது கண்ணு, கதவைத் திறந்தாலே வருது என்றேன். அப்போது உனக்கும் இங்கே வரவேண்டும் என்று இருந்தது. உன் குரலை எனக்குத் தெரியாதா?

அதற்கு அடுத்த வாரமே பெங்களூரிலிருந்து அந்தச் சின்னக் குப்பி வந்து இறங்கியது. நீ ஆன்லைனில் பார்த்து, காசு கட்டி, எனக்கு அனுப்பி வைத்த அசல் விமானப் பசை. மூடியிலேயே ஊசி மாதிரித் தூரிகை. நெடி குறைவு, அளவு குறைவு, விலை மட்டும் குறையவில்லை. ஒரு பகலில் எல்லாம் முடிந்தது, கண்ணு. தொட்டால் ஓடுகிறது, ஓடினால் பிடிக்கிறது. குச்சிகள் நிமிர்ந்து நின்றன, இறக்கை மட்டமாக உட்கார்ந்தது. எதுவும் கெடவில்லை. மலிவு, மலிவு என்று நான் அலைந்ததற்கு இந்த ஒரு குப்பி பதில் சொல்லிவிட்டது. கேட்பதற்கு எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். "ஒட்டிருச்சாம்மா?" என்றாய். ஒட்டிருச்சு என்றேன். போட்டோ அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். "சூப்பரும்மா, கலக்கிட்டீங்க" என்றாய். பிறகு நான் யோசித்தேன், நீ யோசித்தாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன்மா என்றாய். அதற்குப் பிந்திய ஞாயிறுகளும் அப்படியேதான். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். ஒரு வாரம் உனக்கு வேலை என்று மெசேஜ் மட்டும் வந்தது. அப்புறம்தான் இந்த ஹெலிகாப்டர்.

அம்மா என்றால் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். சொல்கிறேன், கேட்டுக்கொள். இரண்டு பக்கமும் கரைந்தால்தான் ஒட்டும் என்று நீ சொன்னதை வைத்து உனக்கு உபதேசம் பண்ணுவேன் என்று பயப்படாதே, பயான் பண்ணுகிறவள் இல்லை நான். எனக்குத் தெரிந்தது கடை. மலிவான சாமானைக் கேவலமாக நினைக்காதே, எதற்கு எது என்று தெரிந்து வாங்கினால் மலிவே போதும். மூடிவைக்க வேண்டியதை மூடிவை. அடுப்பை அணைத்துவிட்டு வேலை செய். ஜன்னலைத் திற, ஆனால் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். கல்யாணத்தைப் பற்றி இப்போது நான் பேசவில்லை, ஆனால் யாரையாவது பார்த்து வைத்திருந்தால் மற்றவர் வாயால் எனக்குத் தெரியவேண்டாம், நீயே சொல். அவள் எந்த ஊராக இருந்தாலும் அவளோடு சும்மா உட்கார்ந்து பேசப் பழகு. உன் அத்தா என்னோடு அப்படிப் பேசியது குறைவு. எனக்கும் பேசத் தெரியவில்லை. அதுதான் உனக்கும் வந்திருக்கிறது, நீ கெட்டவன் இல்லை.

பொய்யாக இன்னொரு சாமானைக் கெடுத்து உன்னைக் கூப்பிட என்னால் முடியும். ஹெலிகாப்டரை வெயிலில் வைத்து உருக்கிவிட்டு, ஐயோ கண்ணு, இதென்ன இப்படி ஆகிவிட்டது என்று கேட்டால் நீ மறுபடி அரைமணி நேரம் பேசுவாய். எத்தனை நாள் அப்படிச் செய்வது? எனக்கும் வயசாகிறது, படி ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, கடையை மதியத்திலேயே சாத்திவிடலாமா என்று சில நாள் தோன்றுகிறது. எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும். வா என்று சொன்னால் லீவு இல்லை, டிக்கெட் விலை என்பாய். அதெல்லாம் உண்மைதான் என்று எனக்கும் தெரியும். முடியும்போது வா. அதுவரை ஒன்றே ஒன்று செய்.

அடுத்த ஞாயிறு கூப்பிடு. பேச ஒன்றும் தோன்றவில்லை என்றால் பேசவேண்டாம், என் சாப்பாட்டைக் கேட்கவேண்டாம், உன் சாப்பாட்டை நானும் கேட்கவில்லை. போனை எடுத்து உன் அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டு நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார். குழாயைத் திற, தட்டைக் கழுவு, துணியை மடி, யாராவது வந்தால் கதவைத் திறந்து அவர்களோடு பேசு. எனக்குப் பாஷை புரியாவிட்டால் போகட்டும். நான் இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். நீ போய் இத்தனை வருஷமாகிறது, உன் ஊட்டுக்குள் என்ன சத்தம் கேட்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.